நிற்கத் தெரிந்த வண்டி

தெல்லிப்பழைத் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தையை நோக்கிச் செல்லும் பிக்அப் வண்டிகளை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பல வயது முதிர்ந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் பரவலாக மீண்டும் அநுமதிக்கப்பட்டது. ஆகவே, பழைய வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே பலருக்கும் வழியாயிற்று.

யாழ்ப்பாணத்தவர்க்கு அக்கலை புதிதன்று. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதானபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலால் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டினர். அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும், ஓடுவதற்கு உதவிய அந்தச் சமாளிப்பு நிற்பதற்கு உதவாது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். பிறேக் பழுதானால் வண்டி நில்லாது.

பிறேக்கை மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டு, உதிரிப்பாகக் கடைக்கு வரும் ஒரு தோட்டக்காரரை எண்ணிப்பாருங்கள். வண்டியை ஆக்கிய கம்பனியின் பொருள், பிற கம்பனியின் பொருள், பாவித்த ஜப்பான் பொருள் என மூன்று விலைகளில் அவர்முன் வைக்கப்படுகின்றன. அவர் எதனைத் தெரிவது?

ஓடும் வண்டியின் இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் தொழில். வேகம் இரு மடங்கானால் அவ்வெப்பம் நான்கு மடங்காகும். பாரம் கூடக்கூட அதுவும் கூடும். தரங்குறைந்த லைனர் சூடேறியதும் பிடிப்பை இழக்கும். வெறும் வண்டியாகக் கடைவாசலில் நன்றாக நின்றது, மூடைகளோடு சந்தியிலே நில்லாதிருப்பது இதனாலேயாகும்.

ஆதலின், முதலில் வண்டியின் மாதிரி, ஆண்டு, செசி இலக்கம் ஆகியவற்றைக் கூறி, அவற்றிற்குரிய பாகத்தையே கேட்டல் வேண்டும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் நன்று. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 90ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கு அமைந்த பாகங்களில், வட்டத்துள் ஈ என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். போலிகளும் அவ்வடையாளத்தை இடக்கூடுமாதலால், அறிந்த கடையிலே பற்றுச்சீட்டுடன் வாங்குதல் வேண்டும். பாவித்த லைனரின் எஞ்சிய ஆயுளையோ, அதிலே எண்ணெய் ஊறியதையோ கண்ணால் மட்டும் அறிதல் அரிது. அதனை விலக்குவதே மேல்.

ஒரு பக்கத்துச் சக்கரத்திற்கு மட்டும் புதியது பூட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனவே இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக. முன்சக்கர டிஸ்க் இதற்குமேல் தேயலாகாது என்னும் அளவும், பின்சக்கர டிரம் இதற்குமேல் அகலலாகாது என்னும் அளவும் பெரும்பாலும் அவற்றிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லையைக் கடந்தவற்றின்மேல் புதிய லைனர் பூட்டுவது வீண்செலவு. பிறேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயில் சிறிது கலந்தாலும் றப்பர்கள் ஊதிக் கெடும். பழைய லைனர்களிற் கன்னார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. கராச்சிலே டிரம்மைக் காற்றடித்துத் துப்புரவாக்காமல், ஈரத்துணியால் துடைத்தலே தக்கது.

பூட்டியவுடன் பாரம் ஏற்றாது, சில நாள் மெதுவாக ஓட்டி, புதிய லைனர் டிரம்மோடு படிந்து பொருந்த விடுதல் வேண்டும்.

தெல்லிப்பழையில் மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் உள்ளன. காலையில் மாணவர் துவிச்சக்கர வண்டிகளில் வீதிக்கு வரும் அதே வேளையிலேதான் சந்தைக்குப் போகும் வண்டிகளும் விரைகின்றன. எதிரே வரும் வண்டியில் எந்த விலைக்கு வாங்கிய பிறேக் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைக் குறுக்கே வரும் பிள்ளை அறியாது. வெங்காயத்தின் இலாபத்தைக் கணக்கிடும் தோட்டக்காரர், பிறேக்கின் விலையை அக்கணக்கிலே முதற்செலவாக எழுதிவைப்பாராக.