ஓட்டுக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள்



நம் நாட்டில் ஆளுநரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மெக்சிகோ நாட்டில் அப்படி இல்லை. அங்கே மாநிலத்தை ஆள்பவரே ஆளுநர்தான். நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே 1929-இல் ஒரு கட்சி தொடங்கியது. பின்னாளில் அதன் பெயர் பி.ஆர்.ஐ. அறுபது ஆண்டுகள் எல்லா மாநிலத்திலும் அந்தக் கட்சிக்காரர்தான் ஆளுநர். அப்படியானால் தேர்தலே நடக்கவில்லையா? தவறாமல் நடந்தது. வேறு கட்சிகளும் நின்றன. பிறகு எப்படி?

ஆளும் கட்சி வேட்பாளர் யார் என்பதைக் குடியரசுத் தலைவரே முடிவு செய்வார். மக்கள் இதை “விரல் காட்டுவது” என்று கேலி செய்தார்கள். கட்சியின் சின்னத்தில் தேசியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறங்களே இருந்தன. கட்சி வேறு, நாடு வேறு என்று தெரியாதபடி இருந்தது. சில ஊர்களில் முதல் ஆள் ஓட்டுப் போடும் முன்பே பெட்டியில் சீட்டுகள் நிறைந்திருக்கும். அதற்குக் “கர்ப்பிணிப் பெட்டி” என்று பெயர்!

பாஹா கலிபோர்னியா என்பது அமெரிக்க எல்லையை ஒட்டிய மாநிலம். 1989 ஜூலை 2-ஆம் நாள் அங்கே ஆளுநர் தேர்தல். எதிர்க்கட்சியான பான் கட்சி சார்பில் எர்னெஸ்டோ ருஃபோ நின்றார். அவர் என்சனாடா என்ற துறைமுக ஊரின் மேயராக இருந்தவர். ஆளும் கட்சி சார்பில் மார்கரிட்டா ஒர்டேகா என்ற பெண்மணி நின்றார்.

ஓட்டுச் சாவடியில் எண்ணி முடித்ததும் ஒரு தாளில் கணக்கு எழுதுவார்கள். கட்சி முகவர்களுக்கு அதன் நகல் கிடைக்கும். பான் கட்சியினர் அந்த நகல்களைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். ருஃபோ முந்தியிருந்தார்.

முந்தைய ஆண்டு, 1988-இல், குடியரசுத் தலைவர் தேர்தலில் மோசடி என்று நாடே பேசியது. ஆளும் கட்சிக்குக் கெட்ட பெயர். இந்த முறை மறைப்பது எளிதாக இல்லை. சில நாளில் அக்கட்சியின் தலைவர் கொலோசியோ தோல்வியை ஒப்புக்கொண்டார். ருஃபோ ஆளுநர் ஆனார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அன்றே மிச்சோவகான் மாநிலத்தில் நடந்த தேர்தலில் மோசடிப் புகார் எழுந்தது. ஆனாலும் பூட்டு ஒரு இடத்தில் திறந்துவிட்டது. 2000-இல் குடியரசுத் தலைவர் பதவியையும் அந்தக் கட்சி இழந்தது.

நம் ஊர்ச் சாவடியிலும் ஓட்டுப்பதிவு முடிந்ததும், எத்தனை ஓட்டு பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதுவார்கள். முகவர்களுக்கு நகல் தருவார்கள். அந்த முகவராக நாளை உங்களில் ஒருவர் உட்காரலாம். கையெழுத்துப் போடும் முன் எண்ணைப் படியுங்கள். கூட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.