வாரில் சிக்கிய கல்



எந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். ஆண்டுதோறும் புதிய வகுப்புத் தொடங்கும்போது கரும்பலகையில் நீண்ட பட்டை ஒன்றை வரைவேன். அதன் நட்டநடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. வேறோரிடத்தில், விளிம்பின்மேல், அரிசி மணியளவே ஆன ஒரு சிதைவு. "இது மோட்டார் சைக்கிளின் வார். இவ்விரண்டு காயங்களில் எதனால் இது அறும்?" என்று கேட்பேன். பெரும்பாலோர் துளையைத்தான் காட்டுவார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் என்னையும் என் தம்பி மகனையும் எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதையே இன்று சொல்லப்போகிறேன்.

நம் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை சங்கிலியால் ஓடுபவை. எண்ணெய் குடித்து, மண்ணைப் பூசிக்கொண்டு, நாளடைவில் நீண்டு முனகும் அந்தச் சங்கிலியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சில வண்டிகளில் அதற்குப் பதிலாகப் பல் வைத்த வார் ஒன்று எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. பட்டறைகளில் அதைப் பெல்ட் என்றே சொல்வார்கள். வார் புதிதாக வந்த பொருள் அன்று. 1903-ஆம் ஆண்டு தோன்றிய ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் தொடக்ககால வண்டிகள் தோல் வாரில்தான் ஓடின. மழை பெய்தால் தோல் வழுக்கும். நாளாக ஆக நீளும். சங்கிலி வந்து அதை விரட்டிவிட்டது. விரட்டப்பட்ட வார் மீண்டு வருவதற்கு வேதியியல் துணை செய்தது. 1965-இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையாரின் ஆராய்ச்சியில் பிறந்த இழை, பின்னர் கெவ்லார் எனப் பெயர் பெற்றது. எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைப்போல் ஐந்து மடங்கு வலிமை உடையது என்பார்கள். அத்தகைய இழைகளை உள்ளே பொதித்த பல் வாரை 1980-இல் ஹார்லி டேவிட்சன் தன் 'ஸ்டர்ஜிஸ்' வண்டியில் பொருத்தியது. எண்ணெய் வேண்டாம், ஓசை இல்லை, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நீளுவதே இல்லை. குதிரை கிடைத்தும் கடிவாளம் தேட வேண்டாத சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வாருக்கு ஒரு பகை உண்டு. அது கல்.

எப்படி என்று கேட்பீர்கள். வாரின் கீழ்ப்பகுதி முன்புறச் சிறு பற்சக்கரத்திலிருந்து பின்புறப் பெரிய பற்சக்கரத்தை நோக்கி ஓடுகிறது. அங்கே அதன் பற்கள் மேல்நோக்கி இருக்கும். முன்சக்கரம் வாரியெறியும் சரளைக் கல் ஒன்று அந்தப் பற்களின்மேல் வந்து விழுந்தால், அரிசி ஆலையின் பட்டையில் ஏறிய நெல்லைப்போல அது நேராகப் பின்சக்கரத்துக்குப் பயணம் போகும். பற்சக்கரத்தின் பள்ளத்துக்கும் வாருக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளும். உலோகம் விட்டுக் கொடுக்காது. கல்லும் விட்டுக் கொடுக்காது. வார்தான் விட்டுக் கொடுக்க வேண்டும். கல் வாரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். இதைத் தடுக்கவே கீழ்ப்பகுதிக்கும் ஒரு காப்புத் தகடு வைக்கிறார்கள். அத்தகடு அழகுக்கு இடையூறு என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. என் வண்டியை எனக்கு முன் வைத்திருந்தவர் அப்படிக் கழற்றியவர். அதைத் திரும்பப் பொருத்தாமல் ஓட்டியவன் நான்.

ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். 2006-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் எஃப் 800 எஸ் என்ற வண்டியை வாருடன் வெளியிட்டது. அதே எஞ்சின் குடும்பத்தில், கற்பாதையிலும் மண்பாதையிலும் செல்வதற்கென்று 2008-இல் எஃப் 800 ஜி.எஸ் வந்தபோது அதற்குச் சங்கிலியையே பூட்டியது. சரளைக் கல்லோடு வாழ வேண்டிய வண்டிக்குச் சங்கிலியின் அழுக்கு பொறுத்துக்கொள்ளத் தக்கதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். திருவண்ணாமலையிலிருந்து ஓசூருக்கு நானும் தம்பி மகனும் திரும்பிக்கொண்டிருந்தோம். செங்கத்தைத் தாண்டிச் சாலையை அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. தார் ஊற்றுவதற்கு முன் ஜல்லியைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஊர்ந்துதான் சென்றேன். ஆயினும் ஒரு முறை 'படக்' என்று காலடியில் ஓசை கேட்டது. வண்டி ஒரு கணம் தயங்கிப் பின் ஓடிற்று. அதன்பிறகு சக்கரத்தின் சுழற்சியோடு ஒத்து மெல்லிய தட்டல் ஒன்று தொடர்ந்து வந்தது.

புளியமர நிழலில் நிறுத்தி, வண்டியைச் சிறிது சிறிதாகத் தள்ளி, வாரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். நடுவில் துளை! மறுபக்கத்துப் புல் அதன் வழியே தெரிந்தது.

"பெரியப்பா, இதோடு வீடு போய்ச் சேர முடியுமா?" என்றான் அவன். வீடு 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

எனக்கும் அச்சந்தான். ஆனால் பணிமனைக் கையேட்டில் படித்தது நினைவுக்கு வந்தது. கல்லால் நேர்ந்த சேதம் விளிம்பில் இருந்தால் வாரை மாற்றிவிட வேண்டும் என்று அது கூறுகிறது. பல் உதிர்ந்தாலும், பல்லின் அடியில் வெளிப்புற விரிசல் கண்டாலும் மாற்ற வேண்டும். எங்கள் துளை விளிம்பைத் தொடவில்லை. பற்களும் முழுமையாக இருந்தன. பற்சக்கரத்தில் கல் கீறிய தழும்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஏனெனில் அங்கே கூர்மையான முனை எழும்பியிருந்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் வாரைக் கடிக்கும். இல்லை. நிதானமாக ஓட்டி இரவு வீடு சேர்ந்தோம்.

என் பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று. புதிய வாரின் விலை என் ஒரு மாதச் சேமிப்பை விழுங்கும், துளையோ பெரிதாகவில்லை. ஒரு வாரம் கழிந்தது, ஒரு மாதம் கழிந்தது, நான்கு மாதமும் கழிந்தன. துளையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். இத்தனை பெரிய காயத்தோடு ஓடும் வார் வேறு எதைத்தான் தாங்காது என்ற இறுமாப்பு வந்துவிட்டது. ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது, விளிம்பில் அரிசியளவு பிய்ந்து நார் நாராக நிற்பதைத் தம்பி மகன் காட்டினான். "இதைவிடப் பெரியதே ஓடுகிறதே" என்று நான் சொன்னேன். ஆசிரியன் சொன்ன சொல் அது. அவன் மேலே பேசவில்லை.

பத்து நாள் சென்றிருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்புகையில், சூளகிரிக்கு அருகே, மேட்டில் ஏறிக்கொண்டிருந்த லாரி ஒன்றைக் கடப்பதற்காக வலப்புறம் ஒதுங்கி எஞ்சினை முறுக்கினேன். சாட்டை சொடுக்கியதுபோல் ஓர் ஒலி. எஞ்சின் அலறியது, வண்டி வேகம் இழந்தது. பின்னால் பேருந்து. அதன் ஒலிப்பான் என் முதுகிலேயே ஒலிப்பதுபோல் இருந்தது. லாரி முன்னேறிச் செல்ல, அதன் பின்புறத்து இடைவெளியில் வண்டியை உருட்டிச் சாலையோரம் சேர்ந்தேன். பேருந்து எத்தனை அடி இடைவெளியில் எங்களைக் கடந்தது என்று நான் அளக்கவில்லை. தம்பி மகன் இறங்கி நின்றான். அவன் கைகள் என் சட்டையை இன்னும் விடாமல் பற்றியிருந்தன.

வார் அறுந்த இடத்தைப் பார்த்தேன். துளை அப்படியே இருந்தது. அறுந்தது விளிம்புக் காயம் இருந்த இடத்தில்.

இதற்குக் காரணம் ஜவுளிக் கடைக்காரருக்குத் தெரியும். அவர் துணி கிழிக்கும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓட்டை போட்டுக் கிழிப்பதில்லை. ஓரத்தில் கத்தரியால் சிறிதளவு வெட்டு வைப்பார். பிறகு இரு கைகளாலும் ஒரே இழுப்பு. வாரின் உள்ளே வலிமை இழைகள் நெடுக்கு வாட்டத்தில் சுற்றிச் சுற்றிச் செல்கின்றன. நடுவில் துளை விழுந்தால் சில இழைகள் அறும். அவற்றின் சுமையைச் சுற்றியுள்ள பொருள் இருபுறத்து இழைகளுக்கும் பகிர்ந்து அளிக்கும். துளைக்கு இரு பக்கமும் காவல் உண்டு. விளிம்புக் காயத்துக்கு ஒரு பக்கந்தான் காவல். மறுபக்கம் திறந்த வெளி. வார் ஓடும்போது அதன் விளிம்பு பற்சக்கரத்தின் பக்கத் தகட்டில் உரசவும் செய்யும். நீட்டிக்கொண்டிருக்கும் நார் பிடிபட்டு, அடுத்த இழையையும் இழுத்துக்கொண்டு வரும்.

எத்தனை முறை என்று கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டியின் வார் வினாடிக்கு ஏறத்தாழ 4 முறை சுற்றி வருகிறது. ஒரு மணி நேரத்தில் 14,000 முறைக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் காயம் இரண்டு சக்கரங்களின் மீதும் வளைந்து நிமிர்கிறது. ஆக 28,000 வளைவுகள். நடுத் துளையையும் கவனியாமல் விடலாம் என்பது இதன் பொருள் அன்று. அதிலிருந்து விரிசல் ஓடுகிறதா, நார் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்ததும் மாற்றிவிடுவதே நல்லது. சங்கிலி தேய்ந்தால் தளரும், முனகும், எச்சரிக்கும். வார் கடைசி நொடி வரை ஓசையின்றி ஓடிவிட்டு அறும். கண் ஒன்றுதான் அதற்கு எச்சரிக்கை.

வண்டியைச் சிறிய வேன் ஒன்றில் ஏற்றிப் பட்டறையில் சேர்த்தோம். பட்டறைக்காரர் நல்லவர். "சார், கவலைப்படாதீர்கள். என்னிடம் பெல்ட் ஒன்று உதிரியாக இருக்கிறது. ஓடாத புதுச் சரக்கு" என்று பரணிலிருந்து எடுத்து வந்தார். மெய்தான், ஒரு கீறலும் இல்லை. ஆனால் இடம் மிச்சப்படுத்துவதற்காக அதை மூன்றாக மடித்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்த பின்னும் மடிப்புகள் நிமிரவில்லை.

தம்பி மகனுக்கு மகிழ்ச்சி. "பெரியப்பா, இதையே போட்டுவிடலாம். இதில் காயமே இல்லையே" என்றான்.

நான் தயங்கினேன். இழுத்தால் எஃகையும் மிஞ்சும் அந்த இழை, கூர்மையாக மடித்தால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். அதனால்தான் வாரை ஒரு கை அகலத்துக்கும் குறுகிய வளையமாக மடக்கலாகாது, திருகலாகாது, பற்சக்கரத்தின்மேல் ஏற்றுவதற்குத் திருப்புளியால் நெம்பலாகாது. மேல்தோல் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். கல்லடி பட்ட வாரிலாவது காயம் இருக்குமிடம் தெரியும். இதில் எங்கே என்று தேடுவது? அவர் மனம் நோகாதபடி மறுத்துவிட்டேன்.

புதிய வார் வர ஐந்து நாளாயிற்று. அதுவரை நான் கல்லூரிக்குப் பேருந்தில் சென்றேன். சில வண்டிகளில் வாரை மாற்ற ஸ்விங் ஆர்ம் எனப்படும் பின்கையையே கழற்ற நேரும். என் வண்டியில் பின்சக்கரத்தையும் ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பரையும் கழற்றினால் போதுமானதாக இருந்தது. மாட்டிய பிறகு கீழ்ப்பகுதியின் நடுவில் 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ விசை கொடுத்து எவ்வளவு அசைகிறது என்று அளந்தோம். தளர்ந்தால் பல் தாவும். இறுகினால் தாங்கிகள் தேயும். அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சொன்னவன் தம்பி மகன். கழற்றி வைத்திருந்த கீழ்க் காப்புத் தகட்டைப் பரணில் தேடி எடுத்து வந்தவனும் அவனே. அதில் துருப் பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசி, மறுநாள் காலையில் இருவருமாகப் பொருத்தினோம்.