பால்மரம் கற்பிக்கும் சுயக் கட்டுப்பாடு



குறிக்கோள் இல்லாத மனிதர் நம்மிடையே எவரும் இலர். சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும், பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைக்க வேண்டும், கடன்படாமல் மகளின் திருமணத்தை நடத்த வேண்டும், மதுப்பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று ஏதேனும் ஒன்றை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறோம். ஆயினும், ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அவை ஆசைகளாகவே நின்றுவிடுகின்றன. காரணம் கேட்டால், வருவாய் போதவில்லை என்கிறோம். நேரம் கிடைக்கவில்லை என்கிறோம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வருவாய் சற்று உயர்ந்த பின்னரும், ஓய்வு சற்றுக் கிடைத்த பின்னரும் அதே நிலை நீடிக்குமானால், குறை வேறிடத்தில் இருக்கிறது என்பதே பொருள். நம்மை நாமே ஆளும் ஆற்றலை, அதாவது சுயக் கட்டுப்பாட்டை, வளர்த்துக்கொள்ளாமையே அக்குறை.

சுயக் கட்டுப்பாடு என்றவுடன், அது துறவிகளுக்கும் கல்விமான்களுக்கும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. தோட்ட மக்களாகிய நமக்கு அது புதியதன்று. நம் பாட்டன் பாட்டியர் காலம் தொட்டு நாம் செய்துவந்த பால்மரம் வெட்டும் தொழிலே அதற்குச் சிறந்த பள்ளிக்கூடமாகும்.

அமேசான் காடுகளில் பழங்காலத்தில் மரத்தைக் கைக்கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல், ஒரே வெட்டுக் கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறையின் உயிர்நாடி அளவறிதலே. ஒரு முறை சீவும் பட்டை ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனந்தான். பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருங்கி அமைந்துள்ளன; எனவே ஆழமாக வெட்டினால் மிகுதியான பால் கிடைக்கும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால், உளி சற்றே தவறி உள்மரத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அதை ஒழுங்காக வெட்ட இயலாது. ஓய்வின்றி வெட்டப்பட்ட மரமோ பால் வற்றிப்போகும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது.

வெயில் ஏறினால் பாலோட்டம் குறைந்துவிடும். ஆகவே இருள் பிரியுமுன் எழுந்து நிரைக்குச் செல்கிறோம். இன்றைய ஆசைக்காக நாளைய பட்டையை அழிக்காமலிருப்பது, உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்பது, சிறிய அளவை நாள் தவறாமல் செய்வது ஆகிய மூன்றுமே சுயக் கட்டுப்பாட்டின் இலக்கணம் அல்லவா?

அப்படியானால், மரத்திடம் இத்துணைக் கட்டுப்பாட்டோடு நடந்துகொள்ளும் நாம், நம் பணத்திடமும் நேரத்திடமும் அவ்வாறு நடந்துகொள்ளத் தவறுவது ஏன்? இதனை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். விடியற்காலையில் நம்மை எழுப்பியது தோட்டத்து மணி. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள் என்பதால் ஓடினோம். பட்டையைப் புண்படுத்தினால் கங்காணி கேட்பார் என்பதால் கவனமாக வெட்டினோம். அது பிறர் நமக்கு இட்ட கட்டுப்பாடு. மணியே இல்லாத வேளையில், கேட்பார் எவரும் இல்லாத இடத்தில், நமக்கு நாமே இட்டுக்கொள்வதுதான் சுயக் கட்டுப்பாடு.

மணி ஒருநாள் நிற்கத்தான் செய்யும். எத்தனையோ இரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வேலையோடு சேர்ந்து வந்த வீடு, வேலை முடிந்ததும் கைவிட்டுப் போனதை நம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவர், ஓய்வு பெறும் நாளில் தலைக்குமேல் கூரை தேடி அலைய நேர்ந்தால், அதைவிடத் துயரம் வேறென்ன இருக்க முடியும்? தொழிலாளர் நலனைக் காக்கும் பொறுப்பு முதலாளிகளுக்கும் அரசாங்கத்திற்கும் உண்டு. எனினும், நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதை வேறெவரும் நமக்காகச் செய்துவிட இயலாது.

இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய காலத்தில், அந்நிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவை துண்டாடப்பட்டபோது தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 100 வெள்ளிப் பங்கை, மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. நாட்கூலியாகச் சில வெள்ளிகளே பெற்ற மக்களுக்கு அந்தப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. ஆயினும், வாயையும் வயிற்றையும் கட்டி மாதந்தோறும் செலுத்தினர். அடுத்த ஆண்டிலேயே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. தொழிலாளரின் பணத்தால் தோட்டமே வாங்கப்பட்டது! அந்தப் பத்து வெள்ளியின் பின்னே இருந்தது செல்வமன்று, மனவுறுதியே.

இன்றைய நிலைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ஊழியர் சேமநிதி, முதுமைக்கான பணத்தை நம் கைக்கு எட்டாமல் காத்துவந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. நூற்றுக்கு 75 பங்கு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 பங்கு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்கிலும், 10 பங்கு எந்நேரமும் எடுத்துக்கொள்ளக்கூடிய நெகிழ்வுக் கணக்கிலும் சேர்கின்றன. நெகிழ்வுக் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எடுக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை.

அவசர வேளையில் இது பேருதவியே. ஆனால், அந்தப் பத்துப் பங்குக்கு இப்போது காவலாளி நாம்தாம். மாதம் 1,700 வெள்ளி சம்பளம் பெறும் தொழிலாளிக்கு, முதலாளியின் பங்கையும் சேர்த்து, அக்கணக்கில் ஏறத்தாழ 40 வெள்ளி சேரும். அதைத் தொடாதிருந்தால் பத்தாண்டில், இலாப ஈவு நீங்கலாகவே, 4,800 வெள்ளி இருக்கும். கைப்பேசியைத் தட்டித் தட்டி எடுத்துவிட்டால் ஒன்றும் இராது. நோய்க்கும் பசிக்கும் எடுப்பதை எவரும் குறை கூறார். பெருநாள் ஆடம்பரத்துக்கும், பக்கத்து வீட்டாரைப் போல் புதிய கைப்பேசி வாங்குவதற்கும் எடுப்பதுதான் உள்மரம் வரை உளியைப் பாய்ச்சுவதாகும்.

சுயக் கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்ளும் வழி யாது? முதலாவதாக, குறிக்கோளை எண்ணாலும் நாளாலும் குறித்துக்கொள்ள வேண்டும். “சேமிக்க வேண்டும்” என்பது ஆசை; “இன்ன ஆண்டுக்குள் வீட்டின் முன்பணத்துக்கு இத்தனை வெள்ளி” என்பது குறிக்கோள். அதைத் தாளில் எழுதிக் குடும்பத்தார் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டுதல் நன்று.

இரண்டாவதாக, மனத்தோடு நாள்தோறும் போராடுவதைவிட, போராட வேண்டிய வேளையையே குறைத்துக்கொள்வது அறிவுடைமை. சம்பளம் வந்த அன்றே, கடைக்குச் செல்லுமுன், சேமிப்பைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மாத முடிவில் எஞ்சுவதைச் சேமிப்போம் என்பவருக்கு எஞ்சுவது ஏதுமில்லை. மதுவை விட விரும்புபவர் சம்பள நாளன்று மாலையில் எவ்வழியே வீடு திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். படிக்க விரும்பும் மாணவர் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

மூன்றாவதாக, அளவு சிறிதாகவும் நேரம் நிலையாகவும் இருத்தல் வேண்டும். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படித்து ஒரு வாரம் ஓய்வதைவிட, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு முக்கால் மணி நேரம் படிப்பது மேல். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் முன்னோர் கூறியதும் இதனையே.

நான்காவதாக, தவறு நேர்ந்தால் மனம் உடைந்துவிடக் கூடாது. மழை பெய்த நாளில் வெட்டு நின்றுபோகிறது. அதற்காக மறுநாள் இருமடங்கு ஆழமாக வெட்டுகிறோமா? இல்லை, தொழிலையே விட்டுவிடுகிறோமா? அதுவும் இல்லை. வழக்கமான அளவை, வழக்கமான நேரத்தில், மீண்டும் தொடங்குகிறோம். ஒருநாள் தவறிய உறுதியும் அவ்வாறே தொடரப்பட வேண்டும்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஊக்கம் வேண்டும்; அது சோம்பலால் கெடாதிருக்க வேண்டும்; முயற்சியாக மலர வேண்டும்; இடையூறு வந்தால் கலங்காதிருக்க வேண்டும். குறிக்கோளை நோக்கிச் செல்லும் பாதை முழுவதும் இவ்வரிசையில் அடங்கிவிடுகிறது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் நாம் கூறுவதைவிட நாம் செய்வதையே கூர்ந்து நோக்குகின்றனர். தந்தை சம்பள நாளில் சேமிப்பை ஒதுக்குவதையும், தாய் வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுவதையும் கண்டு வளரும் பிள்ளைக்குத் தனியே அறிவுரை வேண்டியதில்லை. வரும் சம்பள நாளுக்கு முன்பாக, நம் குறிக்கோள் ஒன்றைத் தொகையோடும் நாளோடும் எழுதி வைப்போம். அன்று நம்மை எழுப்ப மணி அடிக்காது, நாமே எழுவோம்.