பறையைக் கீழே வைத்தவர்கள்



ஆய்வு உதவித்தொகையில் நான் வாங்கிய முதல் இசைக்கருவி பறை. வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி. இரண்டும் ஒத்து விழவே ஒரு மாதம் ஆனது. தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சினால் தோல் சரியாகப் பேசும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

பறையோடு ஊருக்குப் போனேன். அப்பா வீட்டுக்குள் விடவில்லை. "இதைக் கீழ வைக்கத்தான்டா நாங்க அடி வாங்குனோம்" என்றார். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தபோது வயல்வேலை நின்றது. கடையில் சாமான் கிடைக்கவில்லை. எனக்குப் பறை விருப்பம். அவருக்கு அது கட்டாயம்; விட்டதுதான் விடுதலை.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் பறை கற்க வரும் பிற சாதித் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டுச் சாவுக்கு அடிப்பவர் யார்? எந்தத் தெரு? 'வர முடியாது' என்று அவரால் சொல்ல முடியுமா? முதலில் இதை உங்கள் வீட்டில் பேசுங்கள். பிறகு குச்சியைப் பிடியுங்கள்.

அப்பா இன்னும் என் பறையைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஜெய்பீம்.