ஆவடிக்கு அடுத்து என்ன?

ஒரு சொல் முடிகிற எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும். நாம் எல்லோரும் ஆடிய விளையாட்டுதான். இதை நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்து வகுப்பில் ஆடினால் என்ன ஆகும்?

ஒரு பிள்ளை 'ஆவடி' என்கிறது. அடுத்த பிள்ளை திருதிருவென்று விழித்துவிட்டு, "டீ, டீச்சர்!" என்கிறது. வகுப்பே சிரிக்கிறது. ஆனால் டீ, வெளியிலிருந்து வந்த சொல்லாயிற்றே! சரி, 'பூந்தமல்லி'? 'லி'யில் மாட்டிக்கொள்வோம். 'அம்பத்தூர்'? புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. புள்ளியை எடுத்தாலும் 'ர' உதவாது.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற 8 எழுத்துகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. இது தொல்காப்பிய காலத்து விதி. அதனால்தான் ராமன் 'இராமன்' ஆனான். லட்சுமணன் 'இலக்குவன்' ஆனான்.

பலகையில் எழுதிப்போட்ட விதி மறந்துபோகும். விளையாட்டில் தோற்ற பிள்ளைக்கு மறக்காது.

இதேபோல, தொடக்க வகுப்புகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் சொல்லும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூன் 13 அன்று தொடங்கியதும் ஆவடி இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் பள்ளியில்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடிப் பாருங்கள். 'ஆவடி'யை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஜெயிப்பீர்கள்!