பதினைந்தாவது தட்டு

(பெண்கள் ஐக்கிய சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில், எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் குடும்பங்களின் சார்பில் பேசியது)



ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்படி எங்களை அழைத்தீர்கள். எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன் என்ற கணக்கெல்லாம் ஆண்டறிக்கையில் வந்துவிடும். ஆகையால் இன்று எங்கள் குவார்ட்டர்ஸில் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பலகாரப் பரிமாற்றத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தோம். பலகாரத்துக்கும் ஊழியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர்கள் 1970-களில் எங்களோடு இருந்த ஓர் அமெரிக்க மிஷனெரி அம்மாள். அவர்கள் தேசத்தில் கிறிஸ்மஸுக்கு முன்பு சிநேகிதிகள் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கு ஒரே வகை பிஸ்கட்டை டஜன் டஜனாகச் சுட்டுக் கொண்டுவந்து, எல்லாரும் எல்லா வகையிலும் பங்கு எடுத்துக்கொண்டு போவார்களாம். குக்கீ எக்ஸ்சேஞ்ச் என்று அதற்குப் பெயர். இங்கே அவர்களுக்கு ஓவன் கிடையாது. கனத்த அலுமினியப் பானையில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை இறக்கி இஞ்சி பிஸ்கட் சுடுவார்கள். பாதி கருகிப்போகும். அவர்கள் ஊர் திரும்பின பிறகு பிஸ்கட் போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. நைட் டியூட்டி பார்த்துவிட்டு வருகிற நர்ஸம்மாமாரால் ஆறு வகைப் பலகாரம் செய்து, பிள்ளைகள் கையில் வீடு வீடாகத் தட்டு கொடுத்தனுப்ப முடியுமா? ஒரே வகையைச் செய்துவிட்டால் எல்லா வகையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

விதிகள் சில உண்டு. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கலகலா, அச்சுமுறுக்கு என்று யாருக்கு எது என்பதை நவம்பர் கடைசி ஞாயிறே பேசி முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் ஏழு வீட்டிலிருந்து முறுக்குதான் வரும் (ஒரு வருஷம் வந்தது). நாங்கள் பதினான்கு வீட்டார். வீட்டுக்கு ஆறு வீதம் 84, அங்கேயே ருசி பார்க்க ஒரு டஜன், வார்டுக்கு ஒரு டஜன், ஆக 108. அதிரசத்தையும் மொறுமொறுப்பான பலகாரத்தையும் ஒரே டின்னில் போடக்கூடாது; மறுநாளே எல்லாம் நமத்துப்போகும். சர்க்கரை வியாதிக்காரர் உள்ள வீட்டுக்குத் தட்டை, சீடை மாதிரி உப்புப் பலகாரமாகப் பார்த்து எடுத்து வைப்போம், அதற்காக அவர்கள் எங்களிடம் கோபித்துக்கொள்வதும் உண்டு.

2009-ம் வருஷம் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஓர் அக்கா எங்களில் ஒருவரிடம் வந்து, "சிஸ்டர், நானும் ஒரு தட்டு வைக்கலாமா? அச்சுமுறுக்கு எனக்கு நல்லா வரும்" என்று கேட்டார்கள். அந்த அக்கா தொழுநோய்க்குச் சிகிச்சை பெற்று, முழுக்கக் குணமாகிப் பல வருஷங்கள் ஆனவர்கள். வியாதி என்று தெரிந்ததும் புருஷன் வீட்டார் அனுப்பிவிட்டார்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க நம் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்திலும் இடம் இருந்தது. 2019-ல்தான் அதை எடுத்தார்கள். அக்காவின் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்லுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களைப் பற்றியது. எங்களில் நர்ஸுகள் உண்டு, லேப் டெக்னீஷியன் உண்டு, டாக்டர் வீட்டம்மா உண்டு. இந்த வியாதி தொட்டால் ஒட்டாது, சாப்பாட்டின் வழியாக வராது, சிகிச்சை பெறாதவரோடு நெடுநாள் நெருங்கியிருந்தால் மூச்சின் வழியாகப் பரவக்கூடும், மாத்திரை தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை என்று தினம் வார்டில் சொல்லுகிறவர்கள் நாங்கள். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது, ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் சாப்பிட்டால் கிருமி செத்துவிடும் என்று படம் வைத்துப் பாடம் எடுத்திருக்கிறோம். புண்ணை எங்கள் கையாலேயே கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் அக்கா கேட்டபோது எங்களுக்குள் ஒரு மௌனம் உண்டாயிற்று. வியாதி என்று யாரும் சொல்லவில்லை. கணக்குச் சொன்னோம். "பதினைந்து வீடு என்றால் எல்லாரும் ஆறு கூடுதலாகச் சுட வேண்டுமே" என்றோம். ஆறு பலகாரம்! வார்டில் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது ஒன்று, அந்தக் கை செய்ததை வீட்டு டின்னில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறொன்று என்று எங்கள் மனசு வைத்திருந்தது. ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்களும் எங்களில் இருந்தார்கள்.

கடைசியில் சரி என்றோம். முழு மனதோடு சொன்னோம் என்று சொல்ல மாட்டோம்.

சம்மதித்த நாங்கள் யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை உயிர்ப்பிக்காது. அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் உணர்ச்சி கிடையாது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருக்கும். இந்த வியாதியில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப் பட்டுத்தான் கை கெடுகிறது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்து, மடங்கின விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தியதோடு, இந்த உண்மையையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். எங்களுக்கு இது தெரியாததல்ல.

அச்சுமுறுக்கு செய்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லவருவது இப்போதே புரிந்திருக்கும். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள் சேர்த்துக் கரைத்த மாவு. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய வேண்டும், காயாத அச்சில் மாவு பிடிக்காது. காய்ந்த அச்சை முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. சர்க்கரை கூடினால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். இப்படி ஒவ்வொன்றாக, 114 முறுக்கு. அச்சின் பிடியோ வெறும் இரும்புக் கம்பி. நமக்குச் சுட்டால் கையை உதறுவோம். அக்காவுக்குச் சுடுவது தெரியவில்லை. ராத்திரி கையைக் கழுவும்போதுதான் பெருவிரல் அடியில் பெரிய கொப்புளத்தைப் பார்த்தார்கள். ஆறுவதற்கு ஈஸ்டர் சமீபித்துவிட்டது.

மறுநாள் கையில் கட்டோடு 114-ஐயும் எண்ணிக் கொண்டுவந்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை, பூப்பூவாக இருந்தது. எல்லாரும் எடுத்துக்கொண்டோம். கூட்டம் கலைந்து மேசையைத் துடைக்கும்போது, விரித்திருந்த செய்தித்தாளின் மடிப்புக்குள் ஆறு அச்சுமுறுக்கு இருந்தது. ஒரு வீட்டார் எடுத்ததுபோல் எடுத்து அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் அந்த ஆறையும் தன் டின்னில் திருப்பிப் போட்டு மூடினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அக்கா வரமாட்டார்கள் என்று நினைத்தோம். நவம்பரில் அவர்களே வந்து, "பிடிதான் வேணும் சிஸ்டர்" என்றார்கள். எங்கள் செருப்பு தைக்கும் அறையைப் பார்த்திருப்பீர்கள். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு எம்.சி.ஆர். ரப்பர் வைத்துச் செருப்பு தைக்கிறோம். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவர்களும் இப்போது அதைத்தான் வாங்கிப்போகிறார்கள். அங்கேயுள்ள அண்ணன் அச்சின் கம்பியில் ஒரு முழ நீளத்துக்கு மரப்பிடி செருகி, மடங்கின விரலுக்கும் பிடிபடும்படி கனமாக்கி, அதன்மேல் ரப்பர் துண்டைச் சுற்றிக் கொடுத்தார். அடுப்புப் பக்கத்தில் கூட ஒருவர் உட்கார வேண்டும், இருபது முறுக்குக்கு ஒரு தரம் அடுப்பைத் தணித்து இரண்டு கையையும் திருப்பிப் பார்க்க வேண்டும், ராத்திரி இருபது நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று பிசியோதெரபி அறையில் சொன்னார்கள். அந்த வருஷம் முதல் கொப்புளம் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம்.

செய்தித்தாளுக்குள் வைத்துவிட்டுப் போன வீட்டம்மா யார் என்று எங்களுக்குத் தெரியும். 2012-ல் அந்த அம்மாவே அக்காவின் அடுப்படிக்குப் போய், "அக்கா, எனக்கு அச்சுல ஒட்டிக்கிட்டே வருது, என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். புது அச்சை ஒரு ராத்திரி கஞ்சித்தண்ணியில் போட்டு வை என்று அக்கா சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது கையைத் திருப்பிப் பார்க்கிற வேலை பெரும்பாலும் அந்த அம்மாவுடையதுதான். வேறொரு வீட்டார் 2010-ல் பரிமாற்றத்தை விட்டு நின்றவர்கள், எங்கள் வளாகத்தில் இருந்தவரைக்கும் திரும்பி வரவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

2005 டிசம்பரில் நம் தேசத்தில் இந்த வியாதி பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்தது. இனி யாருக்கும் இல்லை என்று பலர் எண்ணிக்கொண்டார்கள், எங்களுக்கு வந்த காணிக்கையும் அதோடு குறைந்தது. புது நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். மருந்து அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செருப்புக்கும் மரப்பிடிக்கும் கட்டுத்துணிக்கும் நீங்கள் அனுப்புவதுதான்.

இந்த வருஷம் இன்னும் மூன்று பேர் தட்டு வைக்கக் கேட்டிருக்கிறார்கள், பதினெட்டு வீடு ஆகிறது. கணக்குச் சொல்ல இம்முறை ஒருவருக்கும் வாய் வரவில்லை. அச்சுதான் போதவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அம்மா காலத்து இரும்பு அச்சு துருப்பிடித்துக் கிடந்தால், அப்படியே காகிதத்தில் சுற்றி உங்கள் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துவிடுங்கள். பிடி நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.