மயிலிட்டிக் காணியும் நியாயமான விலையும்

 

மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசல் எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தனர். நபி (ஸல்) அவர்களோ விலை கொடுத்தே பெற்றார்கள்.

மயிலிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். 1990 ஜூனில் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு இத்துயர் புதிதன்று. 2013 ஏப்ரலில், வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கவென 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லையாம்! அவர்களுட் பலர் அருகே மல்லாகம், சுன்னாகம் முகாம்களிலேயே இருந்தனர். 2,000 பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். மயிலிட்டித் துறைமுகம் உள்ளிட்ட 54 ஏக்கர் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டது.

சட்டம் சந்தை விலையை நட்டஈடாகத் தரச் சொல்கிறது. கடலோடியின் துறைக்குச் சந்தை விலையை யார் கணிப்பது?

இளைஞர்களே, 2ஆம் பிரிவு அறிவித்தல் முடிவான தீர்ப்பன்று. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் உங்கள் உரிமையையும் கோரும் தொகையையும் எழுதிக் கொடுங்கள். தொகை போதாதெனில் மீளாய்வுச் சபை உண்டு. ஆனால் அவசரம் என்று கூறி, 38ஆம் பிரிவின்படி நட்டஈட்டுக்கு முன்னரே காணியை எடுக்கவும் இடமுண்டு.

பெற்றோரே, காணி உறுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்தில் பிரதி பெறுங்கள்.